அமெரிக்க நீதிமன்றங்கள்: சட்டம் பேசுகிறதா, அரசியல் பேசுகிறதா?

2015 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஆர்கன்ஸாஸ் மாகாணச் சிறையில் இருந்த ஒரு முஸ்லிம் கைதி, அரை அங்குல நீளத்திற்குத் தாடி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். சிறை நிர்வாகம் மறுத்துவிட்டது. தாடிக்குள் எதையாவது ஒளித்துவைக்க முடியும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தக் கைதி தன் கையாலேயே எழுதி அனுப்பிய மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 2018 ஜூன் 26 அன்று அதே நீதிமன்றம் வேறொரு தீர்ப்பு சொன்னது. ஈரான், லிபியா, சோமாலியா, சிரியா, யமன் ஆகிய முஸ்லிம் நாடுகளையும் வேறு சில நாடுகளையும் சேர்ந்தவர்கள் அமெரிக்காவுக்குள் வருவதற்கு அதிபர் டிரம்ப் விதித்த தடை செல்லும் என்பதே அது. ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதையே முற்றாக நிறுத்தவேண்டும் என்று தேர்தல் பிரச்சாரத்தில் அறிவித்தவர் அவர். அந்தப் பேச்சுகளெல்லாம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் தடை நிலைத்தது.

ஒரு கைதியின் அரை அங்குலத் தாடிக்காக ஒன்பது பேரும் ஒன்றாக நின்ற நீதிமன்றம், பல கோடி மக்களைப் பாதிக்கும் தடைக்கு எப்படி வழிவிட்டது?

இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு அவசர பதில்கள் உலவுகின்றன. "அமெரிக்காவில் சட்டத்தின் ஆட்சி நடக்கிறது, நீதிமன்றம் போனால் நியாயம் நிச்சயம்" என்பார்கள் சிலர். "எல்லாம் நாடகம், ஆட்சியில் இருப்பவன் சொல்வதுதான் தீர்ப்பு" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே உண்மையில்லை. நம் பிள்ளைகள் நியூ ஜெர்ஸியிலும் டெக்ஸாஸிலும் கலிபோர்னியாவிலும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அங்கிருந்து வரும் ஒவ்வொரு தீர்ப்புச் செய்தியும் வாட்ஸ்அப்பில் பரபரப்பாகப் பரவுகிறது. அந்த நாட்டில் நீதிமன்றமும் சட்டமும் அரசியலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது.

மூன்று கைகளில் பிரிந்த அதிகாரம்

அமெரிக்க அரசியல் சாசனம் 1787-இல் எழுதப்பட்டது. அதன்படி சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் வேலை. பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு அவைகள். சட்டத்தை நிறைவேற்றுவது அதிபரின் வேலை. சட்டத்திற்கு விளக்கம் சொல்லி வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை.

நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் சாசனத்திற்கு முரணாக இருந்தால் அதை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று அந்தச் சாசனத்தில் நேரடியாக எழுதப்படவில்லை. அந்த அதிகாரத்தை நீதிமன்றமே ஒரு வழக்கின் மூலம் நிறுவிக்கொண்டது. அந்த வழக்கே ஒரு அரசியல் சண்டையில் பிறந்ததுதான்.

தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், 1801-இல் பதவியிலிருந்து இறங்கும் கடைசி நாட்களில் தன் கட்சிக்காரர்கள் பலரை நீதித்துறைப் பதவிகளில் நியமித்தார். சிலருடைய நியமனப் பத்திரங்கள் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. புதிய அதிபர் ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பத்திரம் கிடைக்காத வில்லியம் மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். விசாரித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், முந்தைய அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். பத்திரங்களை அனுப்பிவைக்க வேண்டிய பொறுப்பே அவருடையதுதான்!

மார்ஷல் இக்கட்டில் இருந்தார். பத்திரத்தைக் கொடு என்று உத்தரவிட்டால் ஜெஃபர்சன் அதை மதிக்கப்போவதில்லை. உத்தரவிடாவிட்டால் நீதிமன்றம் பயந்துவிட்டதாகப் பேசுவார்கள். 1803-இல் வந்த தீர்ப்பு இரண்டையும் தவிர்த்தது. மார்பரிக்குப் பத்திரம் பெறும் உரிமை உண்டு. ஆனால் இப்படி நேரடியாக உத்தரவிடும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்திற்குக் கொடுத்த சட்டமே சாசனத்திற்கு முரணானது, எனவே அந்தச் சட்டம் செல்லாது என்று எழுதினார் மார்ஷல். சிறிய அதிகாரம் ஒன்றை விட்டுக்கொடுத்து, சட்டங்களையே செல்லாதவை என்று அறிவிக்கும் பெரிய அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஜெஃபர்சன் மீறுவதற்கு அங்கே எந்த உத்தரவும் இல்லை. இன்றுவரை அமெரிக்க நீதித்துறையின் பலம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது.

நீதிபதியைத் தேர்வு செய்வது யார்?

நம் நாட்டில் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் பரிந்துரைக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு. அமெரிக்காவில் அப்படியில்லை. தேசிய அளவிலான நீதிமன்றங்களின் நீதிபதிகளை அதிபர் நியமிக்கிறார். 100 உறுப்பினர் கொண்ட செனட் ஒப்புதல் அளிக்கவேண்டும். அதன்பின் அவர்களுக்கு ஓய்வு வயது கிடையாது. ஆயுள் முழுதும் பதவியில் இருக்கலாம். மாகாணங்களுக்குத் தனி நீதிமன்றங்கள் உண்டு. அங்கே பல இடங்களில் நீதிபதிகளே தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்கிறார்கள்.

ஆயுட்காலப் பதவி என்பதன் நோக்கம், நீதிபதி யாருக்கும் அஞ்சக்கூடாது என்பது. ஆனால் அதனாலேயே ஒவ்வொரு காலியிடமும் ஒரு போர்க்களமாகிவிட்டது. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். அதிபர் ஒபாமா அந்த இடத்திற்கு மெரிக் கார்லண்டைப் பரிந்துரைத்தார். செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி, இது தேர்தல் ஆண்டு, மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லி அவரை விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. டிரம்ப் பதவிக்கு வந்ததும் அந்த இடம் நீல் கோர்சச்சுக்குப் போனது. 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோதும் தேர்தல் ஆண்டுதான். அப்போது அதே கட்சி, வாக்குப்பதிவு நாளுக்கு எட்டு நாட்கள் முன்பாக ஏமி கோனி பாரெட்டின் நியமனத்தை 52-48 என்ற கணக்கில் நிறைவேற்றிவிட்டது. இன்று ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள், மூன்று பேர் ஜனநாயகக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள்.

இந்த அரசியல் நம் சமுதாயத்தையும் தொட்டது. 2021 ஜூனில் ஸாஹித் குறைஷி, நியூ ஜெர்ஸி மாவட்ட நீதிமன்றத்திற்கு 81-16 என்ற பெரும் ஆதரவோடு நியமிக்கப்பட்டார். தேசிய நீதித்துறையில் ஆயுட்கால நீதிபதியான முதல் முஸ்லிம் அவர். 2023-இல் நுஸ்ரத் சௌதுரி 50-49 என்ற கணக்கில், அத்தகைய பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் பெண்மணி ஆனார். அதே ஆண்டின் இறுதியில் அதீல் மங்கி என்ற வழக்கறிஞரை, மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு அதிபர் பைடன் பரிந்துரைத்தார். வெற்றி பெற்றிருந்தால் அந்த அடுக்கில் அவர்தான் முதல் முஸ்லிம் நீதிபதி. செனட் விசாரணையில் அவருடைய சட்ட அறிவைப் பற்றிய கேள்விகளை விட ஹமாஸ் பற்றிய, அக்டோபர் 7 தாக்குதல் பற்றிய கேள்விகளே அதிகம் பேசப்பட்டன. வன்முறையைத் தெளிவாகக் கண்டித்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. எதிர்க்கட்சி மட்டுமல்ல, பைடனின் சொந்தக் கட்சியின் சில உறுப்பினர்களும் கைவிட்டார்கள். அவையில் வாக்கெடுப்புக்கே வராமல் அவருடைய பெயர் காலாவதியானது. 2025 ஜூலையில் அதே இருக்கையில், டிரம்ப்பின் சொந்த வழக்குகளில் வாதாடிய எமில் போவ் 50-49 என்ற கணக்கில் அமர்த்தப்பட்டார்.

ஆட்சியாளருக்கும் நீதிபதிக்கும் இடையிலான இந்த உறவின் சிக்கல் இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதல்ல. கலீஃபா மன்ஸூர் காழிப் பதவியை ஏற்குமாறு வற்புறுத்தியபோது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மறுத்தார்கள். அதற்காகச் சிறையில் துன்புற்றார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழிப் பொறுப்பை ஏற்றார்கள். அதிகாரத்தின் நிழல் தீர்ப்பின் மேல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒருவர் விலகி நின்றார். அந்த இடத்தில் தகுதியானவர் இருக்கவேண்டும் என்று மற்றவர் ஏற்றுக்கொண்டார். இரண்டு கவலையும் நியாயமானவை.

நியமித்தவருக்கு நன்றிக்கடனா?

கட்சி நியமித்தவர் கட்சிக்கே தீர்ப்புச் சொல்வார் என்று முடிவுகட்டிவிட முடியுமா? நடப்பு அவ்வளவு எளிதாக இல்லை.

2017 ஜனவரி 27 அன்று டிரம்ப் ஏழு முஸ்லிம் நாடுகள் மீது முதல் தடையை விதித்தார். விமான நிலையங்களில் குடும்பங்கள் தவித்தன. ஒரு வாரத்தில் அதை நாடு முழுவதும் நிறுத்திவைத்தவர் சியாட்டில் நகர மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட். அவர் குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். ஹிஜாப் அணிந்ததால் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் துணிக்கடையில் வேலை மறுக்கப்பட்ட 17 வயதுப் பெண்ணின் வழக்கில், 2015-இல் 8-1 என்ற கணக்கில் அவருக்குச் சாதகமான தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. கைதியின் தாடி வழக்கில் தீர்ப்பை எழுதியவர் சாமுவேல் அலிட்டோ. இருவருமே பழமைவாத நீதிபதிகள் என்று பெயர் பெற்றவர்கள்.

ஆக, நியமனத்தில் அரசியல் இருக்கிறது என்பதும் உண்மை; எல்லாத் தீர்ப்பும் அரசியல் இல்லை என்பதும் உண்மை. எங்கே நீதிபதி சுதந்திரமாக நிற்கிறார், எங்கே தயங்குகிறார் என்று பார்த்தால்தான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒரு தாடியின் பின்னால் 25 ஆண்டுக் கதை

கைதியின் தாடி 2015-இல் திடீரென்று காப்பாற்றப்படவில்லை. அதன் வேர் 1990-இல் இருக்கிறது. அந்த ஆண்டு, அமெரிக்கப் பழங்குடியினரின் மதச்சடங்கில் போதைத் தன்மையுள்ள ஒரு செடியைப் பயன்படுத்தியதற்காக வேலை இழந்த இருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. எல்லாருக்கும் பொதுவாகப் போடப்பட்ட சட்டம் ஒருவருடைய மத வழக்கத்திற்கு இடைஞ்சலாக இருந்தாலும், அதற்காக விலக்குக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதச் சுதந்திரம் சட்டென்று சுருங்கியது.

இதைக் கேட்டுப் பல மதத்தவரும் கவலைப்பட்டார்கள். கிறிஸ்தவ, யூத, முஸ்லிம் அமைப்புகளும் குடிமை உரிமை அமைப்புகளும் ஒன்றாகச் சேர்ந்து நாடாளுமன்றத்தை அணுகின. 1993-இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. செனட்டில் அதற்கு 97 ஓட்டு, எதிர்ப்பு வெறும் 3. மிக முக்கியமான காரணம் இருந்தாலொழிய அரசு ஒருவருடைய மத வழக்கத்தில் தலையிடக்கூடாது என்றது அந்தச் சட்டம்.

1997-இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் மாகாண அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று அதில் பாதியை வெட்டியது. நாடாளுமன்றம் மீண்டும் உட்கார்ந்தது. 2000-இல் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் தனிச்சட்டம் போட்டது: ஒன்று, சிறைக்கைதிகளின் மத உரிமை, இன்னொன்று, வழிபாட்டுத் தலம் கட்டுவதற்கான நில அனுமதி.

2015-இல் ஒன்பது நீதிபதிகளும் கைதியின் பக்கம் நின்றது அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான். அரை அங்குலத் தாடியில் என்ன ஆபத்து என்று சிறை நிர்வாகத்தால் நிரூபிக்க முடியவில்லை. தலைமுடியில் ஒளித்துவைக்க முடியாத எதைத் தாடியில் ஒளித்துவைக்க முடியும்? மற்றப் பெரும்பாலான மாகாணச் சிறைகள் தாடியை அனுமதிக்கும்போது இங்கே மட்டும் என்ன?

பள்ளிவாசல்களும் அதே சட்டத்தால் பயன்பெற்றன. நியூ ஜெர்ஸியின் பெர்னார்ட்ஸ் ஊராட்சியில் பள்ளிவாசல் கட்ட விண்ணப்பித்த ஜமாஅத்தார் 39 பொது விசாரணைகளைச் சந்தித்தார்கள். கடைசியில் 2015 டிசம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. சர்ச்சுகளுக்கும் யூத ஆலயங்களுக்கும் ஒரு கார் நிறுத்த அளவு, பள்ளிவாசலுக்கு மட்டும் அதைவிட அதிக இடம் என்று கேட்டிருந்தார்கள். ஜமாஅத்தார் நீதிமன்றம் போனார்கள். இது பாரபட்சம் என்று நீதிபதி சொன்னார். 2017-இல் ஊராட்சி 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு, பள்ளிவாசலுக்கும் வழிவிட்டது.

இந்த 25 ஆண்டுக் கதையைக் கூர்ந்து பாருங்கள். நீதிமன்றம் உரிமையைச் சுருக்கியது, மக்கள் ஒன்றுகூடினார்கள், நாடாளுமன்றம் சட்டம் போட்டது, நீதிமன்றம் அதை வெட்டியது, நாடாளுமன்றம் திருத்தி எழுதியது, கடைசியில் நீதிமன்றமே அந்தச் சட்டத்தைக் கொண்டு உரிமையைக் காத்தது. பழங்குடியினர் தோற்ற வழக்கிலிருந்து தொடங்கி, பல மதத்தவர் சேர்ந்து பெற்ற சட்டத்தின் பலனை, ஆர்கன்ஸாஸ் சிறையில் ஒரு முஸ்லிம் அனுபவித்தார்.

தேசப் பாதுகாப்பு என்றால் நீதிமன்றம் தயங்குகிறது

பயணத் தடை வழக்கில் நிலைமை வேறு. அங்கே முஸ்லிம்களுக்குச் சாதகமாகத் தெளிவான சட்டம் இல்லை. மாறாக, வெளிநாட்டவர் நுழைவது நாட்டு நலனுக்குப் பாதகம் என்று அதிபர் கருதினால் தடுக்கலாம் என்ற 1952-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கையில் இருந்தது. முதல் தடையை நீதிமன்றங்கள் நிறுத்திய பிறகு, அரசு வழக்கறிஞர்கள் அதைத் திருத்தித் திருத்தி மூன்றாவது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் இஸ்லாம் என்ற சொல் இல்லை. வட கொரியாவும் வெனிசுலாவும்கூடச் சேர்க்கப்பட்டிருந்தன. ஹவாய் மாகாண அரசோடு, அங்குள்ள பள்ளிவாசலின் இமாமும் சேர்ந்து வழக்காடினார். சிரியாவிலிருந்த அவருடைய மாமியார் வரமுடியாமல் தவித்தது வழக்கின் ஒரு பகுதி.

உத்தரவின் எழுத்தைப் பார்த்தால் அது மதத்தைக் குறிப்பிடவில்லை, பாதுகாப்பு விஷயத்தில் அதிபரின் முடிவை நாங்கள் ஆழமாகத் துருவ முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நீதிபதி சோட்டோமேயர் இதைக் கடுமையாக எதிர்த்து மாற்றுத் தீர்ப்பு எழுதினார். பழைய தவறையே வேறு உடையில் செய்கிறீர்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அவர் சுட்டிய பழைய தவறு 1944-இல் நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் அமெரிக்காவில் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். கோரமாட்ஸு என்ற இளைஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பாதுகாப்பு என்று இராணுவம் சொன்னது போதும் என்று நினைத்தது. 1988-இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிருடன் இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது. 2018-இல் ராபர்ட்ஸ், கோரமாட்ஸு தீர்ப்பு அன்றே தவறு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒப்புதல் வந்ததே பயணத் தடையை அனுமதித்த தீர்ப்பின் உள்ளேதான்.

அந்தத் தடை நீதிமன்றத்தால் முடியவில்லை, தேர்தலால் முடிந்தது. பைடன் 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளே அதை ரத்து செய்தார். 2025 ஜூனில் மீண்டும் டிரம்ப் 12 நாடுகள் மீது முழுத்தடை விதித்தபோது, 2018 தீர்ப்பு அவருக்குக் கேடயமாக இருந்தது.

தீர்ப்பை நிறைவேற்றுவது யார் கையில்?

நீதிமன்றத்திடம் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை என்று சாசனம் எழுதப்பட்ட காலத்திலேயே அலெக்ஸாண்டர் ஹாமில்டன் சுட்டிக்காட்டினார். படை அதிபரிடம் இருக்கிறது, நிதி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. நீதிபதியிடம் இருப்பது தீர்ப்பு மட்டுமே.

1832-இல் செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாகாணத்தின் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அந்தப் பழங்குடியினரைக் காக்க முன்வரவில்லை. சில ஆண்டுகளில் சுமார் 16,000 செரோக்கியர் படைபலத்தால் மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலுமாகச் சுமார் 4,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. வழக்கில் வென்றவர்களின் நிலை இது.

1954-இல் கறுப்பின மாணவர்களுக்குத் தனிப்பள்ளி என்பது சாசனத்திற்கு முரண் என்று ஒன்பது நீதிபதிகளும் தீர்ப்பளித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையப் போனபோது, மாகாண ஆளுநரே காவல்படையை வைத்துத் தடுத்தார். அதிபர் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பினார். சிப்பாய்களின் காவலோடு அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். 1832-இலும் தீர்ப்பு இருந்தது, 1957-இலும் தீர்ப்பு இருந்தது. நிறைவேற்ற ஒரு அதிபர் இருந்தாரா என்பதில்தான் வேறுபாடு.

நம் காலத்தில் இதற்குச் சாட்சி குவாண்டனாமோ. 2002 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தச் சிறையில் மொத்தம் சுமார் 780 முஸ்லிம்கள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதியப்படவில்லை. அவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த வழியை அடைத்தது. 2008-இல் பூமதீன் வழக்கில் 5-4 என்ற கணக்கில் அந்த அடைப்பையும் நீதிமன்றம் உடைத்தது. பூமதீன் 2009-இல் விடுதலையாகி பிரான்ஸ் போனார். ஆனால் சிறை மூடப்படவில்லை. ஓராண்டில் மூடுவேன் என்று ஒபாமா கையெழுத்திட்டார். கைதிகளை அமெரிக்க மண்ணுக்கு மாற்ற நிதி கிடையாது என்று நாடாளுமன்றம் தடுத்தது. 2025 தொடக்கத்திலும் அங்கே 15 பேர் இருந்தார்கள். நீதிமன்றம் கதவைத் திறக்கச் சொன்னாலும் சாவி இருவர் கையில் இருக்கிறது என்பதை இதைவிட வேதனையோடு விளக்க முடியாது.

நம் குடும்பங்களைத் தொடும் வழக்கு

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் ஒரு நிர்வாக உத்தரவில் கையெழுத்திட்டார். தாய் தற்காலிக விசாவிலோ ஆவணம் இல்லாமலோ இருந்து, தந்தையும் குடிமகனோ கிரீன் கார்டு உடையவரோ இல்லையென்றால், அமெரிக்காவில் பிறக்கும் அவர்களுடைய குழந்தைக்கு இனிக் குடியுரிமை கிடையாது என்றது அது. எச்1பி விசாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் குடும்பங்களும் அதில் அடக்கம்.

அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்று 1868-இல் சேர்க்கப்பட்ட 14-ஆவது சாசனத் திருத்தம் சொல்கிறது. சீனப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவரின் வழக்கில் 1898-இலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எனவே மூன்றே நாட்களில் சியாட்டில் நீதிபதி ஜான் காஃபனோர் உத்தரவை நிறுத்தினார். அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ரீகன். 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், குடியுரிமை பற்றிய அடிப்படைக் கேள்விக்குப் போகாமல், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்கும் பொதுத்தடை விதிக்கக்கூடாது என்று 6-3 என்ற கணக்கில் சொன்னது. பலர் இதை, "குடியுரிமை போய்விட்டது" என்று செய்தியாக அனுப்பினார்கள். அது தவறான வாசிப்பு. இரண்டே வாரத்தில் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர், பாதிக்கப்படும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே குழுவாக ஏற்றுக்கொண்டு, வேறு வழியில் மீண்டும் தடை விதித்தார். 2025 டிசம்பரில் அடிப்படைக் கேள்வியையே விசாரிக்க உச்ச நீதிமன்றம் முன்வந்தது.

ஒரு தீர்ப்புச் செய்தி கையில் கிடைத்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். சொன்னது எந்த நீதிமன்றம்? அது இறுதித் தீர்ப்பா, இடைக்கால உத்தரவா? தீர்மானித்தது அடிப்படை உரிமையையா, நடைமுறையையா? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம். கேட்டதையெல்லாம் பரப்புவது குறித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

மக்ஸூமிய்யா குலத்துப் பெண் திருடியபோது, உயர்குடிப் பெண் என்பதற்காகப் பரிந்துரை செய்ய வந்தார்கள். செல்வாக்குள்ளவனை விட்டுவிட்டு எளியவனைத் தண்டித்ததால்தான் முன்சென்ற சமுதாயங்கள் அழிந்தன என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். எந்த நாட்டு நீதிமன்றத்தையும் எடைபோட நமக்குக் கொடுக்கப்பட்ட தராசு இது. நமக்குச் சாதகமான தீர்ப்பு வந்தால் நல்ல நீதிமன்றம், பாதகமாக வந்தால் கெட்ட நீதிமன்றம் என்பது தராசு அல்ல. சொந்தங்களுக்கே எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம் நம்மிடமிருந்து எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

அமெரிக்க அனுபவம் சொல்வது இது. நீதிமன்றம் அரசியலுக்கு வெளியே இல்லை. ஆனால் அரசியலின் நிழல் மட்டுமாகவும் இல்லை. தெளிவான சட்டமும் உறுதியான ஆதாரமும் இருந்த இடத்தில், அது ஒரு கைதியின் தாடியையும் ஒரு பெண்ணின் ஹிஜாபையும் ஓர் ஊரின் பள்ளிவாசலையும் காத்தது. பயமும் போரும் பாதுகாப்பு என்ற சொல்லும் வந்த இடத்தில் பின்வாங்கியது. அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது மக்களின் ஓட்டு, மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளின் துணிவு, விடாமல் வழக்காடியவர்களின் பொறுமை.

ஆகவே அங்கே வாழும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியவை சில. குடியுரிமை பெற்றவர்கள் ஓட்டுப்போடாமல் இருக்காதீர்கள். அந்த ஓட்டுதான் செனட்டையும், அதன் வழியே நீதிபதியையும் தீர்மானிக்கிறது. ஊராட்சிக் கூட்டங்களுக்குப் போங்கள். பள்ளிவாசலின் அனுமதி முதலில் அங்கேதான் பேசப்படுகிறது. அநீதி நடந்தால் தேதி, கடிதம், சாட்சி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பிற மதத்தவரின் உரிமை பறிக்கப்படும்போதும் அவர்களோடு நில்லுங்கள். அன்று பழங்குடியினருக்காகப் பேசியவர்களின் உழைப்புதான் இன்று நம் தாடியைக் காக்கிறது. பிள்ளைகளில் சிலரையாவது சட்டம் படிக்க ஊக்கப்படுத்துங்கள்.

நீதி ஓர் அமானிதம். அதைச் சுமப்பவர்கள் நீதிபதிகள் மட்டுமல்ல, அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும், அவர்கள் முன் உண்மையோடு போய் நிற்பவர்களும்தான். அநீதிக்குத் துணைபோகாத, நீதிக்குச் சாட்சியாக நிற்கும் சமுதாயமாக நம்மையும் நம் சந்ததிகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.